கிட்டாருக்கு வால்வு பவர் ஆம்ப்: கிளிப்பிங்குக்கு அப்புறம்தான் டிசைனே

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். பழைய ஹைஃபை (வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான) சர்க்யூட் ஒன்றைப் பார்த்து, இரண்டு 6எல்6ஜிசி வால்வு (சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்) போட்டு, 50 வாட் புஷ்-புல் (இரண்டு வால்வும் அலையை மாறி மாறித் தள்ளும்) ஆம்ப் ஒன்று கட்டியிருக்கிறார். பாட்டு போட்டுக் கேட்டால் அருமையாக இருக்கிறதாம். கிட்டார் ப்ரீஆம்பை மாட்டி வால்யூமை ஏற்றினால்தான் தொல்லை. சத்தம் கரகரவென்று உடைகிறது. ஓங்கி ஒரு கார்டு அடித்தால் ஒரு கணம் அடைத்துக்கொண்டு, அப்புறம் மெல்லத் திரும்பி வருகிறது. "6எல்6-ஐ எடுத்துவிட்டு இஎல்34 போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அளந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும் ஒரு ஆம்ப் கிட்டாருக்கு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை, வாத்தியத்துக்கான பவர் ஆம்பை எந்த எண்ணிலிருந்து வரையத் தொடங்க வேண்டும் என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

வால்வை மாற்றினால் சரியாகாது. ஹைஃபை ஆம்பை வரைபவர் கிளிப்பிங் வரைக்கும்தான், அதாவது ஆம்பின் எல்லையில் அலையின் உச்சி வெட்டுப்படும் இடம் வரைக்கும்தான் யோசிப்பார். அதற்கு மேலே யாரும் அதை ஓட்டப் போவதில்லை என்பது அவருடைய கணக்கு, அது நியாயமான கணக்கும்கூட. கிட்டார் ஆம்ப் தன் வாழ்நாளில் பாதியைக் கிளிப்பிங்குக்கு மேலேதான் கழிக்கிறது. ஆகவே எல்லை தாண்டியபின் ஒவ்வொரு வால்வும் கெபாசிட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதுதான் இங்கே டிசைன். நான் பல வருஷமாகக் கிட்டார் ஆம்ப்களைப் பழுது பார்க்கிறேன், சிலவற்றைப் புதிதாகவும் கட்டியிருக்கிறேன். 300 வாட் பேஸ் ஆம்ப் போன்ற பெரிய மிருகங்களைப் பழுது பார்த்ததோடு சரி, வரைந்ததில்லை. ஆகவே நான் சொல்வதை 15 முதல் 100 வாட் வரைக்குமானதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அடைப்பு. ஹைஃபை சர்க்யூட்டில் ஃபேஸ் இன்வெர்ட்டருக்கும் (சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் பகுதி) பவர் வால்வு கிரிட்டுக்கும் (வால்வின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) நடுவே இருக்கும் கப்ளிங் கெபாசிட்டரைப் பாருங்கள். பெரும்பாலும் 0.22 அல்லது 0.47 மைக்ரோஃபாரட் இருக்கும், கிரிட்டிலிருந்து பயாஸுக்கு (கிரிட்டுக்கு நிலையாகக் கொடுக்கும் நெகட்டிவ் வோல்ட்டேஜ்) போகும் ரெசிஸ்டர் 470 கே (கிலோ ஓம்) இருக்கும். சிக்னலின் உச்சம் பயாஸ் வோல்ட்டேஜைத் தாண்டியதும் கிரிட், கேதோடைவிட (எலெக்ட்ரான் புறப்படும் முனை) பாசிட்டிவாகிவிடுகிறது. அந்த நொடியில் அது ஒரு டையோடாக மாறிக் கரண்ட் இழுக்கும். அந்தக் கரண்ட் கப்ளிங் கெபாசிட்டரைச் சார்ஜ் செய்துவிட்டுப் போகிறது. உச்சம் கடந்தபின் அந்தச் சார்ஜ் கிரிட்டின் மேல் கூடுதல் நெகட்டிவ் வோல்ட்டேஜாக உட்கார்ந்துவிடும், வடிவதற்கு வழி அந்த 470 கே ஒன்றுதான். 0.47 மைக்ரோஃபாரட்டை 470 கே-யால் பெருக்கினால் ஏறக்குறைய 220 மில்லி செகண்ட். அதாவது ஓங்கி அடித்தபின் கால் நொடி அளவுக்கு உங்கள் இரண்டு பவர் வால்வும் பாதி மூடிக் கிடக்கின்றன. நீங்கள் கேட்ட அடைப்பு இதுதான். கரகரப்பில் பெரும்பங்கும் இதுதான். பயாஸ் திடீரென்று அதிக நெகட்டிவாகப் போனதால், ஒரு வால்வு விட்ட இடத்தில் மற்றது எடுக்காமல் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்று பாடத்தில் படித்த அதே பள்ளம். ஆஸிலாஸ்கோப் இருந்தால் 8 ஓம் டம்மி லோடு போட்டு, கிளிப்பிங்குக்கு மேலே ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

இதற்கு மருந்து ரொம்பச் சின்னது. கப்ளிங் கெபாசிட்டரை 0.022 மைக்ரோஃபாரட்டாகவும் கிரிட் ரெசிஸ்டரை 220 கே-யாகவும் குறையுங்கள். வடியும் நேரம் 5 மில்லி செகண்டுக்கு வந்துவிடும். பேஸ் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். இந்த இரண்டு மதிப்புக்கும் கீழ் எல்லை 33 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது, கிட்டாரின் தடித்த இ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். கூடவே ஒவ்வொரு பவர் வால்வின் கிரிட் பின்னிலும், சாக்கெட்டை ஒட்டி, 5.6 கே ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். கிரிட் இழுக்கும் கரண்டை அது கட்டுப்படுத்தும், உயர் அலைவரிசையில் தானே ஊளையிடுவதையும் தடுக்கும். இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டப்போகிற ஆம்பானால் அதை 22 கே, 47 கே என்றுகூட ஏற்றலாம். சத்தம் லேசாக மழுங்கும், அடைப்பு நன்றாகக் குறையும்.

அடுத்தது ஃபீட்பேக், அதாவது அவுட்புட்டில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே கொடுத்துத் தவறுகளைத் திருத்துவது. 1947-ல் வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் வந்த வில்லியம்சன் ஆம்ப் ஒரு தலைமுறை ஹைஃபை டிசைனுக்கே வழிகாட்டி. டிரையோடாக (மூன்று முனை வால்வாக) இணைத்த இரண்டு கேடி66 வால்வு, 15 வாட், 20 டெசிபல் நெகட்டிவ் ஃபீட்பேக். உங்கள் சர்க்யூட்டும் அந்தப் பரம்பரையில் வந்ததாகத்தான் இருக்கும். 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு. கிளிப்பிங் வரை அந்தப் பத்து மடங்கும் தவறுகளைத் திருத்துவதில் செலவாகிறது. கிளிப் ஆனதும் அவுட்புட்டால் மேலே போக முடியாது, திருத்தமும் வேலை செய்யாது. அப்போது அந்தப் பத்து மடங்கு கெய்னும் (பெருக்கமும்) ஒரேயடியாக ஃபேஸ் இன்வெர்ட்டரின் தலையில் இறங்கி, பவர் வால்வு கிரிட்டைப் பாசிட்டிவ் பக்கம் அடித்துத் தள்ளுகிறது. மேலே சொன்ன அடைப்பு இன்னும் மோசமாகிறது. சுத்தமான ஒலியிலிருந்து உடைந்த ஒலிக்கு நடுவே படியே இல்லாமல் போய்விடுகிறது. வாசிப்பவர் விரலுக்கு வேண்டியது அந்த இடைப்பட்ட நிலம்தான். மெல்லத் தொட்டால் தெளிவாகவும், கொஞ்சம் அழுத்தினால் ஓரம் தடித்தும் வரவேண்டும்.

எவ்வளவு ஃபீட்பேக் போடுவது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் லியோ ஃபென்டர் நிறுவனம் 1950-களின் கடைசியில் விற்ற பேஸ்மேன் 5எஃப்6-ஏ, பேஸ் கிட்டாருக்கென்று செய்த ஆம்ப். அதைக் கிட்டார்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் அதை ஏறக்குறைய அப்படியே பின்பற்றி ஜேடிஎம்45-ஐக் கட்டினார்கள். இரண்டிலும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 27 கே. ஆனால் பேஸ்மேனில் அது 2 ஓம் டேப்பிலிருந்து (அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஸ்பீக்கரின் ஓமுக்கேற்ப வைத்த முனை) வருகிறது, மார்ஷலின் ஆரம்பகால ஆம்பில் 16 ஓம் டேப்பிலிருந்து வருகிறது. அதே பவருக்கு 16 ஓம் டேப்பில் வோல்ட்டேஜ் 2.8 மடங்கு, அதாவது 9 டெசிபல் அதிகம். ஒரு ஒயர் எந்த டேப்பில் ஒட்டியிருக்கிறது என்பதில் இவ்வளவு இருக்கிறது. போதாததற்கு பேஸ்மேனுக்குப் பின்பக்கம் திறந்த பெட்டியில் நாலு 10 இஞ்ச் ஸ்பீக்கர், மார்ஷலுக்கு மூடிய பெட்டியில் நாலு 12 இஞ்ச். அதே சர்க்யூட்டின் இரண்டு பிள்ளைகள் இவ்வளவு வேறாக ஒலிப்பதற்கு வால்வின் பெயர் மட்டும் காரணமில்லை. இன்னொரு பக்கம் வாக்ஸ் ஏசி30 இருக்கிறது. நாலு இஎல்84, ஃபீட்பேக் என்பதே கிடையாது. நீங்கள் இந்த வரம்புக்குள் எங்கே நிற்கிறீர்கள் என்று முடிவு செய்ய, ஃபீட்பேக் ரெசிஸ்டரின் இடத்தில் ஒரு 100 கே பாட்டை (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) தற்காலிகமாகப் போட்டு, கிட்டாரை வாசித்துக்கொண்டே திருப்பிப் பார்ப்பதுதான் சிறந்த வழி. 6 டெசிபல் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுவார்கள். முதல் தடவை ஃபீட்பேக் ஒயரை இணைத்ததும் ஆம்ப் ஊளையிட்டால் பதற வேண்டாம். ஆஃப் செய்து, கெபாசிட்டர் வடிந்தபின், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பிளேட் (வால்வில் எலெக்ட்ரான் போய்ச் சேரும் முனை) ஒயர்களையும் இடம் மாற்றி ஒட்டுங்கள்.

ஃபீட்பேக்கைக் குறைத்தால் இன்னொன்றும் நடக்கும், அது கிட்டாருக்கு நல்லது. 8 ஓம் ஸ்பீக்கர் என்பது பெயருக்குத்தான் 8 ஓம். அதன் ரெசனன்ஸ் (ஸ்பீக்கர் இயல்பாகவே அதிகம் அதிரும் இடம்) இருக்கும் 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 50 ஓமைக்கூடத் தாண்டும். மேலே போகப் போக வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் மறுபடி ஏறும். பென்டோடு வகை வால்வின் (6எல்6, இஎல்34 போன்றவை) அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டுத் தடை) அதிகம் என்பதால், ஸ்பீக்கர் எங்கே ஓம் ஏறுகிறதோ அங்கே வோல்ட்டேஜும் ஏறிக்கொடுக்கும். அடியில் ஒரு தும் என்ற எடுப்பும், மேலே ஒரு பளபளப்பும் தானாகவே கிடைக்கும். வலுவான ஃபீட்பேக் இந்த ஏற்றத்தைத் தட்டையாக்கிவிடும். ஹைஃபைக்கு அது வேண்டும், கிட்டாருக்கு அது ஒலியை வறளவைக்கும். மார்ஷலிலும் ஃபென்டரிலும் இருக்கும் பிரசன்ஸ் கண்ட்ரோல் செய்வது, மேல் அலைவரிசையில் மட்டும் ஃபீட்பேக்கை எர்த்துக்கு இறக்கிவிட்டு அந்தப் பளபளப்பைத் திருப்பித் தருவது. ஒரு 0.1 மைக்ரோஃபாரட்டும் ஒரு 5 கே பாட்டும் போதும்.

சரி, இப்போது லோடு கணக்கு, அதாவது வால்வு ஓட்டவேண்டிய சுமை எத்தனை ஓம் என்பது. இதை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். 6எல்6ஜிசி-க்கு ஆர்சிஏ (அமெரிக்க வால்வுக் கம்பெனி) கையேடு தரும் ஒரு நிலை: பிளேட் 450 வோல்ட், ஸ்க்ரீன் (பிளேட்டுக்கு முன்னே உள்ள இரண்டாவது கிரிட்) 400 வோல்ட், பயாஸ் மைனஸ் 37, பிளேட்டுக்குப் பிளேட் 5600 ஓம், 55 வாட். இந்த 55 எங்கிருந்து வருகிறது? முழுச் சிக்னலில் பிளேட் 60 வோல்ட் வரை இறங்கும் என்று வைத்தால் ஒரு பக்க ஆட்டம் 390 வோல்ட், இரண்டு பக்கமும் சேர்த்து உச்சம் 780. 780-இன் வர்க்கத்தை 5600-இன் இரட்டிப்பால் வகுத்தால் 54 வாட். கையேட்டோடு ஒத்துப்போகிறது. ஒவ்வொரு வால்வும் தனியாக வேலை செய்யும் அரைச்சுற்றில் அது பார்க்கும் லோடு 5600-இல் நாலில் ஒரு பங்கு, 1400 ஓம். 390-ஐ 1400-ஆல் வகுத்தால் உச்சக் கரண்ட் 280 மில்லியாம்ப். இப்போது ஹைஃபை கையேடு சொல்லாத கணக்கு: கிட்டார் வாசித்து முழுக்க ஓவர்டிரைவ் ஆகும்போது அலை சைனாக இருக்காது, சதுரத்தை நெருங்கும். அதே உச்சத்துக்குச் சதுர அலையின் பவர் இரட்டிப்பு. சப்ளை தொய்வதால் முழு இரட்டிப்பு வராது, ஆனாலும் 50 வாட் ஆம்ப் 80, 90 வாட் தருவது சாதாரணம். பவர் டிரான்ஸ்ஃபார்மரை இதற்குத் தக்கபடி எடுங்கள். ஸ்பீக்கரும் மொத்தம் 100 வாட்டுக்குக் குறையாமல் தாங்க வேண்டும்.

வால்வு சாவது பெரும்பாலும் ஸ்க்ரீன் கிரிட்டால். பழுதுக்கு வரும் ஆம்ப்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். ஓவர்டிரைவில் பிளேட் 60 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும்போது ஸ்க்ரீன் 400-இல் நிற்கிறது. எலெக்ட்ரான்களுக்குப் பிளேட்டைவிட ஸ்க்ரீன்தான் கவர்ச்சியாகத் தெரியும், ஸ்க்ரீன் கரண்ட் பல மடங்கு ஏறும். 6எல்6ஜிசி-யின் ஸ்க்ரீன் தாங்குவது 5 வாட், இஎல்34-இல் 8 வாட். ஆகவே ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாக ஸ்க்ரீன் ரெசிஸ்டர் வேண்டும். ஃபென்டர் 470 ஓம் போடும், மார்ஷல் 1 கே 5 வாட் போடும். நான் புதிதாகக் கட்டும்போது 1 கே-க்குக் கீழே போவதில்லை. கரண்ட் ஏறும்போது அந்த ரெசிஸ்டரிலேயே வோல்ட்டேஜ் விழுந்து ஸ்க்ரீனைக் காப்பாற்றும், கூடவே ஒலியிலும் ஒரு மென்மையான அமுக்கம் வரும். உங்கள் ஹைஃபை சர்க்யூட்டில் 100 ஓமோ, ஒன்றுமே இல்லாமலோ இருக்கலாம், பாருங்கள். லோடு ஓம் ஏற ஏற வால்வுக்குச் சுகம் என்று சிலர் நினைக்கிறார்கள். பென்டோடில் அது தலைகீழ். லோடு ஏறினால் பிளேட் சீக்கிரமே அடியில் மோதும், ஸ்க்ரீன் இன்னும் அதிக நேரம் அடிவாங்கும். ஸ்பீக்கரே மாட்டாமல் ஓட்டினால் கேட்கவே வேண்டாம். ஒழுங்கான நிலையிலேயே பிளேட்டின் மேல் உச்சம் 840 வோல்ட். லோடு இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் இண்டக்டன்ஸ் அதை ஆயிரக்கணக்கில் தூக்கிவிடும். சாக்கெட்டில் பக்கத்துப் பின்னுக்குத் தீப்பொறி பாய்ந்து, பேக்கலைட்டில் கருப்புத் தடம் விழுந்துவிடும். அந்தத் தடம் விழுந்த சாக்கெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பயாஸில் கையேட்டை அப்படியே எடுக்காதீர்கள். மேலே சொன்ன நிலையில் கையேடு இரண்டு வால்வுக்கும் சேர்த்து 116 மில்லியாம்ப் சும்மா ஓடவிடுகிறது. அது ஒரு வால்வுக்கு 26 வாட், எல்லையோ 30. நான் 60 முதல் 70 சதவீதத்துக்குள் வைப்பேன், அதாவது 450 வோல்ட்டில் ஒரு வால்வுக்கு 40 முதல் 46 மில்லியாம்ப். அளப்பதற்குக் கேதோடிலிருந்து எர்த்துக்கு 1 ஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டால் ஒரு மில்லிவோல்ட் என்பது ஒரு மில்லியாம்ப். அதில் ஸ்க்ரீன் கரண்டும் கொஞ்சம் கலந்திருக்கும், அது பாதுகாப்பான பக்கம்தான். நம் ஊர் மின்சாரத்துக்காகவும் இந்த இடைவெளி வேண்டும். 230-க்கு வரைந்த ஆம்ப் பின்னிரவில் 250 வோல்ட் பார்த்தால் உங்கள் 450 ஏறக்குறைய 490 ஆகிவிடும். பயாஸ் பாட்டை ஒயர் செய்யும் விதத்திலும் கவனம் வேண்டும். பாட்டின் நடுக்கால் தூசியால் தொடர்பு இழந்தால் கிரிட்டுக்கு அதிக நெகட்டிவ் போகிற மாதிரி இணைக்க வேண்டும். பாட்டை எர்த் பக்கம் ஒரு ரெசிஸ்டரோடு தொடராக, வேரியபிள் ரெசிஸ்டராகப் போட்டால் அப்படி அமையும். நடுக்கால் விட்டுப்போனால் ஆம்ப் சத்தம் குறைந்து வறண்டு ஒலிக்கும், அவ்வளவுதான். மாறாக நடுக்காலிலிருந்தே நேராகக் கிரிட்டுக்கு எடுத்திருந்தால், அது விட்ட மறுநிமிஷம் பயாஸே இல்லாமல் பிளேட் சிவந்து, வால்வோடு டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம்.

கேதோடு பயாஸ் (தனி நெகட்டிவ் சப்ளை இல்லாமல் கேதோடு ரெசிஸ்டரிலிருந்தே பயாஸ் எடுப்பது) வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 15, 20 வாட் ஆம்புக்குத் தாராளமாக வைக்கலாம். பலமாக வாசிக்க வாசிக்கக் கேதோடு வோல்ட்டேஜ் ஏறி ஆம்ப் தானே அமுங்கிக்கொடுக்கும், பலருக்கு அது பிடிக்கும். 50 வாட் வேண்டுமென்றால் ஃபிக்ஸட் பயாஸ்தான். ஏசி30-ஐ கிளாஸ் ஏ (எந்த வால்வும் ஒருபோதும் மூடாத வகை) என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். கேதோடு பயாஸும் சூடான ஓட்டமும் உண்மை. ஆனால் முழுப் பவரில் ஒரு பக்க வால்வு மூடிவிடுகிறது, அது கிளாஸ் ஏபி-தான். இதைத் தெரிந்துகொண்டால் லோடு கணக்கில் குழப்பம் வராது.

பவர் சப்ளையில் தொய்வு வேண்டும் என்று வால்வு ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பாகம்) தேடுபவர்கள் அதிகம். எந்த வால்வு என்று பார்க்காமல் போட்டால் ஏமாற்றம்தான். ஜிஇசட்34-இல் 200 மில்லியாம்பைத் தாண்டியும் விழுவது 20 வோல்ட்டுக்குள். 5யு4ஜிபி-யில் அதே ஓட்டத்துக்கு 40-க்கு மேல் விழும். தொய்வில் பெரும்பங்கு பவர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் ரெசிஸ்டன்ஸிலிருந்தும் முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் அளவிலிருந்தும் வருகிறது. சிலிக்கான் டையோடு வைத்தால் இன்னொன்றைப் பாருங்கள். ஹீட்டர் சூடாகுமுன் ஹைடென்ஷன் (பிளேட்டுக்குப் போகும் உயர் டிசி வோல்ட்டேஜ்) முழு உச்சத்துக்கு ஏறிவிடும். 350-0-350 சுற்றுக்கு அது 495 வோல்ட், மின்சாரம் 250 வந்தால் 538. 450 வோல்ட் என்று எழுதிய கெபாசிட்டரை அங்கே வைக்கக்கூடாது. 350 வோல்ட் கெபாசிட்டர் இரண்டைத் தொடராகப் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கே 2 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். வோல்ட்டேஜைச் சமமாகப் பங்கிடுவதும் அதுதான், ஆஃப் செய்தபின் வடியவைப்பதும் அதுதான். 100 மைக்ரோஃபாரட்டுக்கு இரண்டு நிமிஷத்தில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்படியும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அந்த ரெசிஸ்டர் திறந்துபோயிருந்தால் கெபாசிட்டர் மணிக்கணக்கில் காத்திருக்கும், நெஞ்சுக்குக் குறுக்கே 450 வோல்ட் என்பது உயிர் போகிற விஷயம். ஆன் செய்து அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். சேஸிஸ் கட்டாயம் எர்த் ஆகியிருக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் யாருக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை உள்ளூரில் சுற்றிக்கொள்ள நினைத்தால், ஸ்டெபிலைசர் சுற்றும் கடைக்காரரிடம் வெறுமனே "5600-க்கு 8" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். 5600-ஐ 8-ஆல் வகுத்தால் 700, அதன் வர்க்கமூலம் 26.5, இதுதான் சுற்று விகிதம். பிரைமரியை இரண்டு சமபாதியாகவும், நடுவே செகண்டரி அடுக்குகள் வருமாறும் மாற்றி மாற்றிச் சுற்றச் சொல்லுங்கள். புஷ்-புல் என்பதால் கோரில் இடைவெளி விடக்கூடாது, லேமினேஷனை (கோரின் இரும்புத் தகடுகளை) மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். எத்தனை வாட் என்பதோடு எத்தனை ஹெர்ட்ஸில் என்றும் சொல்ல வேண்டும். அதே வாட்டை 82-க்குப் பதில் பேஸ் கிட்டாரின் 41 ஹெர்ட்ஸில் கேட்டால் கோரில் ஃபிளக்ஸ் இரட்டிப்பாகும். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி, 300 வாட் பேஸ் ஆம்ப், தூக்க இரண்டு ஆள் தேடவைப்பதற்கு அதன் டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒரு முக்கியக் காரணம். கீபோர்டுக்கும் ஆர்கனுக்கும் சுத்தமான பவர் வேண்டும். லெஸ்லி 122 (ஆர்கனுக்கான சுழலும் ஸ்பீக்கர்) பெட்டிக்குள் இரண்டு 6550 வால்வு இருந்தும் 40 வாட்டுக்குத்தான் கணக்கு. வீணை, வயலின் பிக்கப்புக்கு வேண்டுமென்றால் நீங்கள் இப்போது வைத்திருக்கும் ஹைஃபை சர்க்யூட்டே மேல், அதைக் கலைக்காதீர்கள்.

இனி இஎல்34-ஆ, 6எல்6-ஆ. உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. இஎல்34-க்குக் குறைந்த டிரைவ் போதும், அதன் கெய்ன் ஏறக்குறைய இரட்டிப்பு. பிளேட் தாங்குவது 25 வாட். லோடு 3400 ஓம் பக்கம் கேட்கும். ஹீட்டருக்கு ஒவ்வொன்றும் 1.5 ஆம்ப் இழுக்கும், 6எல்6ஜிசி 0.9-தான். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் 6.3 வோல்ட் சுற்று அந்தக் கூடுதலைத் தாங்குமா என்று பார்க்காமல் மாற்றக்கூடாது. இஎல்34-இன் 1-ஆம் பின் மூன்றாவது கிரிட், அதை 8-ஆம் பின்னோடு இணைக்க வேண்டும். 6எல்6ஜிசி சாக்கெட்டில் அந்த இணைப்பு பெரும்பாலும் இருக்காது. இஎல்34 நடுப்பகுதி தூக்கலாகவும் 6எல்6 தெளிவாகவும் ஒலிக்கும் என்பது பரவலான பேச்சு. அது வால்வின் குணமா, அவற்றைச் சுற்றி மார்ஷலும் ஃபென்டரும் வைத்த டோன் சர்க்யூட்டும் ஸ்பீக்கரும் தருவதா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். என் அனுபவத்தில் ஸ்பீக்கரை மாற்றுவது தரும் வித்தியாசத்தில் கால்வாசிகூட வால்வை மாற்றுவதில் வருவதில்லை.

சந்தேகத்துக்குரியவை வேறு சிலவும் உண்டு. வால்வு இனிமைக்கு இரட்டைப்படை ஹார்மோனிக்தான் (மூல அலைவரிசையின் 2, 4 மடங்கில் சேரும் அலைகள்) காரணம் என்று சொல்வார்கள். பொருத்தமான புஷ்-புல் ஜோடி அதைத்தான் டிரான்ஸ்ஃபார்மரில் அடித்துக் கழிக்கிறது, ஆகவே பவர் ஸ்டேஜுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. கப்ளிங் கெபாசிட்டரின் பிராண்டுக்காகப் பணம் கொட்டுவது எனக்கு உடன்பாடில்லை. மதிப்பும் கசிவும் சமமாக இருந்தால் கண்ணை மூடிக் கேட்டு என்னால் பிரிக்க முடிந்ததில்லை. கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் விஷயம் அப்படி முழுக்கத் தள்ளிவிடக்கூடியதல்ல. அதன் மதிப்பு வோல்ட்டேஜோடு லேசாக மாறுவதை அளக்க முடியும். ஆகவே ஃபேஸ் இன்வெர்ட்டர் பிளேட் போன்று பெரிய ஆட்டம் உள்ள இடத்தில் மட்டும் ஏதாவது செய்யலாம், மற்ற இடத்தில் இரைச்சலைத்தான் கூட்டும். 50 வாட் உங்களுக்குத் தேவையா என்பதையும் யோசியுங்கள். 100 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரில் 15 வாட்டே ஒரு மீட்டர் தூரத்தில் 111 டெசிபலைத் தாண்டும். 50 வாட் அதைவிட 5 டெசிபல்தான் கூடுதல். நான் சொன்ன பவர் ஸ்டேஜ் குணங்கள் எல்லாம் முழு ஓட்டத்தில்தான் வெளிவரும், வீட்டில் 50 வாட்டை அந்த அளவுக்கு ஓட்டப் பக்கத்து வீட்டார் விடமாட்டார்கள்.

உங்கள் ஆம்பில் இந்த வரிசையில் கை வையுங்கள். முதலில் ஸ்க்ரீன் ரெசிஸ்டர், அது வால்வின் உயிர். அப்புறம் கப்ளிங் கெபாசிட்டரும் கிரிட் ரெசிஸ்டர்களும், அடைப்பு அங்கேயே பெருமளவு போய்விடும். மூன்றாவதாக ஃபீட்பேக்கைக் குறைத்துக் கேளுங்கள். ஃபேஸ் இன்வெர்ட்டர் கதோடைன் (ஒற்றை டிரையோடு) வகையாக இருந்தால், கடைசியாக அதை லாங்-டெயில் ஜோடியாக (ஒரே கேதோடு ரெசிஸ்டரைப் பகிரும் இரண்டு டிரையோடு) மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். பேஸ்மேனில் உள்ள 82 கே, 100 கே, 470 ஓம், 10 கே என்ற மதிப்புகளே 12ஏஎக்ஸ்7-க்கு (சிறிய இரட்டை டிரையோடு வால்வு) நல்ல தொடக்கம், 37 வோல்ட் டிரைவ் அதற்கு எளிது. ஒவ்வொரு மாற்றத்துக்கு அப்புறமும் முதல் தடவை ஆன் செய்யும்போது 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, பளிச்சென்றே நின்றால் உடனே ஆஃப் செய்து ஷார்ட் எங்கே என்று தேடுங்கள். பிளேட், ஸ்க்ரீன், பயாஸ் வோல்ட்டேஜ்களையும், 1 ஓம் ரெசிஸ்டரில் வந்த மில்லிவோல்ட்டையும், அப்போது மெயின்ஸ் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்து எந்த மதிப்பை நகர்த்தலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.